துரியோதனனுக்குப் பல் தேய்த்தவர்

என் சகலை சினிமா பார்க்கும் அழகை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

கடத்தூர் டூரிங் டாக்கீஸில் எல்லோரும் மணலைக் குவித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து திரையைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் முன்னால் போய்த் திரைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். கதாநாயகிக்குக் கண் கலங்கினால் இங்கே யாருடைய முந்தானை முதலில் மூக்குக்குப் போகிறது, வில்லன் வந்தால் யார் பல்லைக் கடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாக மேய்ந்துகொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும்.

"என்னங்க சகலை இது, டிக்கெட் வாங்கிட்டு முதுகுலயா படம் பாக்கறீங்க?"

"படம் எங்கீங்க ஓடிப் போவுது? நாளைக்கும் இதே படந்தான். இந்த மூஞ்சிங்க நாளைக்கு இப்படி இருக்குமா?"

அவரும் நானும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அவர் அக்காவை, நான் தங்கையை. எங்கள் மாமனார் கடத்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்தார். வெல்லத்தில் ஏமாறாத மனிதர், மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் இரண்டு தடவை ஏமாந்துவிட்டார். மூத்த மாப்பிள்ளை, மண்டிக்கு வா என்றால் வராமல் வீட்டில் பல்பொடி இடித்துக்கொண்டிருந்தார். இளைய மாப்பிள்ளையாகிய நான் தர்மபுரி தாலுகா ஆபீஸில் கிளார்க். சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமான புதிது. அதனால் ஆபீஸில் வேலை அதிகம், ஆகவே நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். வித்துவான் தேர்வில் தோற்றவனுக்குக் கவிதை எழுதும் உரிமை இல்லை என்று எங்கும் சட்டம் போட்டிருக்கவில்லையே.

ஞாயிற்றுக்கிழமையானால் கடத்தூருக்குப் பஸ் ஏறிவிடுவேன். சகலை வீட்டில் கடுக்காய், கிராம்பு, உப்பு எல்லாம் உரலில் இடிபடும். அவருடைய மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, முக்கால்வாசி இடிப்பார். சகலை கால்வாசி இடித்துவிட்டு முக்கால்வாசி பேசுவார். பொடி நல்ல பொடிதான். தேய்த்தால் வாய் கமகமக்கும். வாங்கத்தான் ஆளில்லை.

ஒரு நாள் அவர் என்னை உள்ளே கூப்பிட்டு மனைவியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கூறைப் புடவைக்கு அடியில் ஒரு சோப்பு உறை மடியாமல் கசங்காமல் படுத்திருந்தது. உறையில் ஒரு சினிமா நடிகை.

"சோப்பு என்னமோ சோப்புதாங்க சகலை. கரைஞ்சு சாக்கடையில போயிருச்சு. காயிதம் மட்டும் கண்ணாலப் பொடவைக்கு அடியில குடியிருக்குது. அப்ப நான் எதைங்க காசு குடுத்து வாங்கினேன்?"

 அவர் உறையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்லாப் பாருங்க. அந்தம்மா கையில சோப்பு இருக்குது. சோப்பைப் பாக்குதா? இல்ல. உங்களைப் பாக்குது. இப்படிக்கா வாங்க, அப்பவும் உங்களைத்தான் பாக்குது. சரி, எழுத்தைப் படிங்க."

படித்தேன். என் அழகின் ரகசியத்தை உனக்குச் சொல்கிறேன் என்கிற ரீதியில் ஏதோ எழுதியிருந்தது.

"'எல்லாரும் வாங்குங்க'ன்னா போட்டிருக்கறான்? 'உனக்கு மட்டும் சொல்றேன்'ங்கறான். ஊரு பூரா சொன்ன ரகசியம். ஆனா படிக்கறவளுக்குத் தனக்கு மட்டும் காதுல சொன்னாப்பல இருக்குது. குளிச்சுட்டு வந்தா இவ கண்ணாடிகிட்ட கொஞ்ச நேரம் சேத்து நிக்கறா, நான் பாத்திருக்கறேன்."

உரல் சத்தம் நின்றது. "நடிகையைப் பாத்தது போதும். எடுத்த எடத்துல வைங்க ரெண்டு பேரும்" என்று குரல் மட்டும் வந்தது.

அன்றிலிருந்து சகலைக்கு ஒரே பிடிவாதம்: பொடிக்கு ஒரு முகம் வேண்டும். பார்த்தவுடன் ஜனங்களுக்கு நெஞ்சு குளிர்கிற முகம். சினிமாக்காரர்கள் யாரும் கடத்தூர்ப் பல்பொடிக்கு வந்து சிரிக்கப்போவதில்லை. உள்ளூரில் யார் என்று தேடியபோது, சொன்னால் சிரிப்பீர்கள், முதலில் அகப்பட்டது நான்.

"ஆபீசர் களை இருக்குதுங்க உங்களுக்கு" என்றார். அந்தக் களையைப் பற்றி எனக்கும் ஏற்கெனவே சந்தேகம் இருந்ததால் உடனே ஒத்துக்கொண்டேன். கோட்டு இரவல் வாங்கிப் படம் எடுத்து, கண்ணாடி சிலைடு செய்து, டூரிங் டாக்கீஸில் இடைவேளையில் காட்டினார்கள். திரை நிறைய நான். வாய் நிறையப் பல். ஒரு நிமிஷம் கொட்டகை நிசப்தமாக இருந்தது. கவிதை படித்ததும் வருகிற அமைதி என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

"அடேய், இந்தாளு சிரிப்பாராடா!" என்று ஒரு குரல்.

பெரியவர் ஒருவர் எழுந்து திரையிலிருந்த என்னோடு நேரடியாகப் பேச ஆரம்பித்துவிட்டார். "பட்டாவுக்கு நடையா நடக்கறனே, ஒரு நாளாச்சும் எங்கிட்ட இந்தப் பல்லைக் காட்டியிருப்பியா நீ?"

கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. வழக்கம்போல் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த சகலை அத்தனையையும் பார்த்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார்.

"மூஞ்சி நல்ல மூஞ்சிதானுங்க. ஆனா பாத்ததும் ஜனங்களுக்கு ஆபீஸ் படிக்கட்டு ஞாபகம் வந்துருது."

மறுநாள் ஆபீஸில் வந்தவர்களிடமெல்லாம் சிரித்துப் பார்த்தேன். பியூன் அருகில் வந்து, "பல்லுவலிங்களா சார்?" என்றான்.

முகம்தான் போயிற்று, வார்த்தையாவது எடுபடட்டும் என்று பொடியின் மேல் ஒரு விருத்தம் பாடிக் கொடுத்தேன். முத்து, முல்லை, கொக்கின் சிறகு, பாற்கடல் என்று உலகத்திலுள்ள வெள்ளை அத்தனையும் அதில் உண்டு. சகலை அதைச் சந்தையில் பெண்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு வந்தார்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"நெறையப் பேரு கொட்டாவி விட்டாங்க. பல்லு நல்லாத் தெரிஞ்சுதுங்க."

மாமனார் பொறுமை இழந்தது அந்தச் சமயத்தில்தான். என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஆடி பொறக்கற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அந்தப் பொடி தன் கால்ல நிக்கணும். இல்லைன்னா ஆடி ஒண்ணாந் தேதி மண்டியில வந்து மூட்டை எண்ணணும், ஆமா." சகலை தலையாட்டினார். மண்டியில் உட்கார்ந்தால் வெல்லத்தையும் ஈயையும்தான் பார்க்கலாம். மனித முகம் பார்க்காமல் அந்த மனிதர் ஒரு நாள் இருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அவசரத்தில் அவர் டூரிங் டாக்கீஸுக்கு அடிக்கடி போனார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். இவர் அந்தச் சுவருக்கு நேராகப் போய் உட்கார்ந்து, பெண்கள் பக்கத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் வந்து சட்டையைப் பிடித்தான்.

"எம் பொண்டாட்டியை என்னய்யா மொறைக்கறே?"

"உங்க சம்சாரத்தைப் பாக்கலீங்க. அவங்க அழுவறதைத்தான் பாத்தேன்."

இதைவிட மோசமான பதிலை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சமாதானம் செய்ய நான் குறுக்கே போய், "அவரு என் சகலைங்க, நல்ல மனுசன்" என்றேன். "ஓ, நீ அந்தப் பட்டா கிளார்க்குதானே?" என்று இருவரையும் சேர்த்து வெளியே தள்ளினார்கள்.

வீட்டில் சூடம் ஏற்றி அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டார் அவர் மனைவி. இனிக் கூட்டத்தில் பெண்கள் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை. சகலை வாக்கு மாறாதவர். வினையே அங்கேதான் வந்தது.

கோடையில் அதியமான்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் பாரதம் நடந்தது. எங்கள் பக்கம் பாரதம் என்றால் பல நாள் கூத்து. பதினெட்டாம் போரோடு முடியும். அந்த ஊரில் துரியோதனன் கட்டுகிறவர், மற்ற நாட்களில் கேழ்வரகு விதைத்துக்கொண்டு, பேசினால் நமக்கே கேட்காத குரலில் பேசுகிற ஒல்லி மனிதர். கிரீடம் ஏறிவிட்டால் ஆள் வேறு. பாஞ்சாலியைச் சபையில் இழுத்துவரும்போது அவர் சிரிக்கிற சிரிப்பு தொப்பூர் கணவாய் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அத்தனை பல்லும் கடைசி வரிசைக்குத் தெரியும்.

அங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சகலை சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு ஆண்களை மட்டும் பார்த்தார். துரியோதனன் சிரித்ததும் அத்தனை ஆம்பளைக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. சிலர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சகலை என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். "கெடைச்சுட்டாருங்க நம்ம ஆளு!"

துரியோதனன் மறுப்பே சொல்லவில்லை. "எம் பல்லுங்களா? வெறுமனேதான் கெடக்குது, எடுத்துக்கங்க" என்றார். தர்மபுரி ஸ்டுடியோ வாசலில் கிரீடம் நுழையாமல் குனிந்து நுழைந்தார். பிரஸ் வைத்திருந்த பாய் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "வாய் என்னங்க, மசூதி வாசல் மாதிரி இருக்குது! சரி, பல்லுக்கு மை வேணாம். அந்த மட்டுக்கும் எனக்கு லாபம்."

பொட்டலம் சந்தைக்கு வந்தது. ஆண்கள் எடுத்துப் பார்த்தார்கள். "நம்ம அண்ணன்டா!" என்று பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு வேப்பங்குச்சியை மென்றபடியே போனார்கள். பொடி வாங்குகிறவர்கள் பெண்கள். அவர்களோ பொட்டலத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஓர் அம்மாள் சகலையை நேருக்கு நேர் கேட்டேவிட்டாள்.

"பாஞ்சாலி நடுச்சபையில நின்னு கதறுறப்ப சிரிச்ச சிரிப்பில்ல இது? இதைக் கொண்டுபோய் எம் புள்ளைங்க வாயில வெப்பனா?"

சகலை வீட்டுக்கு வந்து பொட்டல மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி எதிரே நின்றார்.

"எல்லாரு மூஞ்சியையும் பாக்கறவரு, எங்க பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமில்ல? அந்தாளு சிரிக்கறப்ப நாங்க மண்ணை வாரித் தூத்தறோம்."

"நீதானே சத்தியம் வாங்கினே?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்: "வாங்கினவ நானு. நானே திருப்பிக் குடுத்தர்றேன். ஆனா நான் பக்கத்துல நிக்கறப்ப மட்டுந்தான் பாக்கணும்."

அப்படித்தான் பதினெட்டாம் போருக்குத் தம்பதியாய்ப் போனார்கள். இரண்டடி பின்னால் நானும் என் மனைவியும். படுகளம் பகலில் நடக்கும். மண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். வேடம் கட்டிய துரியோதனன் அதைச் சுற்றி ஓட, பாஞ்சாலி துடைப்பமும் முறமுமாகத் துரத்துவாள். பாஞ்சாலி கட்டுகிறவரும் ஆண்தான், ஆனால் அன்றைக்கு அவர் ஊருக்கே ஆத்தா. துரியோதனனை மொத்தி முடித்ததும் பெண்கள் வரிசையில் நின்று அதே துடைப்பத்தால் தாங்களும் ஓர் அடி வாங்கிக்கொள்வார்கள், பிணி போகும் என்று.

துடைப்பம் துரியோதனன் முதுகில் இறங்கியபோது சகலை திரும்பினார். பெண்கள் பக்கம் முழுக்க ஒரே முகமாயிருந்தது என்று பிற்பாடு சொன்னார். கிழவி முதல் கைக்குழந்தைக்காரி வரை, வருஷமெல்லாம் யாரையோ அடிக்க நினைத்து அடிக்காமல் விட்ட அடி அத்தனையும் அங்கே விழுகிற மாதிரி ஒரு சந்தோஷம். அடி தாங்காமல் துரியோதனன் வாயைத் திறந்தார். பல் பளிச்சென்றது.

"சகலை!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "எழுதுங்க! பாஞ்சாலி அடித்தாள். பல் ஆடவில்லை!"

எனக்குக் கவிஞன் என்ற ரோஷம் வந்தது. "எதுகையே இல்லீங்களே."

"எதுகை இல்லைன்னா போவட்டும். அடி இருக்குதில்ல?"

புதுப் பொட்டலத்தில் பாஞ்சாலி துடைப்பத்தை ஓங்கி நிற்க, துரியோதனன் குனிந்து பல்லைக் காட்டினார். கீழே அந்த ஒரே வரி. முத்தும் இல்லை, பாற்கடலும் இல்லை. சந்தையில் முதலில் எடுத்தவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள்; பக்கத்தில் நின்றவளை இடித்து, "இங்க பாரு இவளே" என்றாள். அதோடு சரி. கடத்தூர், பொம்மிடி, அரூர் என்று பொடி நடக்க ஆரம்பித்தது. கம்பெனிப் பெயரை யாரும் கேட்கவில்லை. "தொடப்பப் பொடி ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்டார்கள். வீட்டில் புருஷனிடம் அந்தப் பொட்டலத்தை நீட்டும்போது, படம் தெரிகிற பக்கமாகவே நீட்டினார்கள் என்று கேள்வி. என் வீட்டிலும் அப்படித்தான்.

இதோடு முடிந்திருந்தால் சகலையைப் பற்றி எழுத எனக்கு இவ்வளவு ஆசை வந்திருக்காது.

தொப்பூர்ப் பக்கம் ஓர் ஊரில் அடுத்த பாரதம். அதே ஒல்லி மனிதர்தான் துரியோதனன். மறுநாள் காலையிலேயே அவர் சகலை வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் இருந்தேன். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நேத்து சபையில சிரிச்சனுங்க. பொம்பளைங்க பக்கமிருந்து ஒருத்தி, 'சிரிச்சுக்கோடா, தொடப்பப் பொடியில தேச்ச பல்லாச்சே'ன்னாங்க. ஊரே சிரிச்சுப்போச்சு. அழுவ வேண்டிய பாஞ்சாலியே முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு நின்னாருங்க."

"நல்லதுதானே, பேரு பரவியிருக்குது" என்றேன் நான். நல்ல நேரத்தில் தவறான வார்த்தை சொல்வது எனக்குக் கைவந்த கலை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எங்கப்பா சிரிச்சப்ப மண்ணை வாரித் தூத்தினாங்க. வேசம் எனக்கு வந்தப்புறம் என்னையுந் தூத்தினாங்க. கூத்து முடிஞ்சு தலையை அலசினா மண்ணாக் கொட்டும், அப்பத்தான் வேசம் நல்லா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நேத்து ஒரு புடி மண்ணு வரலீங்க."

குறை சொல்லும் குரலில்கூட அவர் அதைச் சொல்லவில்லை. சகலை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் பார்க்கிறவர்களின் முகம். வேடம் கட்டியவனை வேடமில்லாமல் அவர் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"காப்பியைக் குடிங்க. படத்தை எடுத்தர்றேன்" என்றார்.

ஒல்லி மனிதர் போன பிறகு நான் குதித்தேன். "ஆடிக்கு எத்தனை நாள் இருக்குதுன்னு தெரியுமுங்களா? படம் போனாப் பொடி போச்சு. மூட்டை எண்ணப் போறீங்களா?"

"எண்ணத்தான் வேணும்னா எண்ணறதுங்க. அவரு சிரிப்பை நான் பல்லு தேய்க்க எடுத்துக்கிட்டேன். திருப்பிக் குடுக்கணுமில்ல?"

அக்காவைப் பார்த்தேன், அவராவது தடுக்கமாட்டாரா என்று. அவர் உலக்கையை எடுத்து இடிக்க ஆரம்பித்துவிட்டார். வழக்கத்தைவிட அடி கொஞ்சம் பலம், அவ்வளவுதான்.

பாய்க்குத்தான் தாங்கவில்லை. "படமில்லாத பொட்டலமா? பிரியாணி இல்லாத கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி இருக்குதுங்க!" ஆனாலும் அடித்துக் கொடுத்தார். ரோஸ் காகிதம், கம்பெனிப் பெயர். படமுமில்லை, அந்த வரியுமில்லை.

அந்த வாரச் சந்தையில் நானும் கடையில் நின்றேன். எதிரே மண்டி வாசலில் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் வந்த அம்மாள், "தொடப்பப் பொடி குடுங்க" என்றாள். சகலை ரோஸ் பொட்டலத்தை நீட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படம் எங்கீங்க?"

"எடுத்துட்டோங்க."

"எதுக்கு?"

நான் ஏதாவது பொய் தயாரிப்பதற்குள் சகலை உள்ளதைச் சொல்லிவிட்டார். "துரியோதனன் வந்திருந்தாருங்க. அவரு சிரிச்சா உங்களுக்கெல்லாம் கோவமே வரமாட்டேங்குதாம். ஒரு புடி மண்ணு வரலைன்னு அழுவாத கொறை."

அவள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அடப் பாவமே" என்றாள். பிறகு பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்களாடி, நாம மண்ணு தூத்தலைன்னு மனுசன் வந்து அழுதிருக்கறாரு" என்று அறிவித்தாள். அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "செரி, அது அவரு கூத்து, நாம பாத்துக்கலாம். பொடி அதே பொடிதானே? எனக்கு நாலு குடுங்க."

சாயங்காலம் சாக்கு காலியாயிற்று. மாமனார் எழுந்து வந்து காலிச் சாக்கைக் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். "மண்டிக்கு வேற ஆளு பாத்துக்கறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் ஆசைப்பட வேணாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆடிக்கு முந்தி அந்தப் பக்கத்துக் கடைசிப் பாரதம். சகலை மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பெண்கள் பக்கம் பார்த்தபடி நின்றார். நான் அவருக்கும் கூத்துக்களத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். பாஞ்சாலியை இழுத்துவந்தார்கள். துரியோதனன் ஆசனத்திலிருந்து எழுந்தார். எழுந்தவர் சிரிக்கத் தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்கே தெரிந்தது. பிறகு சிரித்தார்.

"நாசமாப் போறவனே!" என்றது முதல் குரல். "உன் வாயில புழு வெக்க!" என்றது இன்னொன்று. சகலையிடம் உருக்கமாக ஏதோ சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மண் வந்தது. ஒரு பிடியல்ல, மழைபோல. துரியோதனனுக்குப் போக மீதி முழுக்க என் வாயில்.

நான் துப்பிக்கொண்டிருக்கையில் சகலை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "திட்டறாங்க சகலை! மனசாரத் திட்டறாங்க!"

கிரீடமெல்லாம் மண்ணாக, களத்தில் அந்த ஒல்லி மனிதர் இன்னொரு தடவை சிரித்தார். கூத்தில் அந்த இடத்துக்கு ஒரு சிரிப்புதான் உண்டு. இரண்டாவது அவர் சொந்தமாகச் சேர்த்தது.